கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

சிறுசேரியில் மாலை ஆறு மணிக்குக் குழந்தைக்கு ஏறிய ஜுரம் எட்டு மணிக்கும் இறங்காமல், கஷாயமும் கொடுத்து, ஈரத்துணியும் போட்டு, தெருமுனை மருந்துக்கடையில் வாங்கிய பாரசிட்டமால் சிரப்பும் உள்ளே போனபின், வீட்டில் ஓர் ஆலோசனை நடக்கும். கேளம்பாக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமா, அதே ஊரிலுள்ள செட்டிநாடு ஆஸ்பத்திரியா, திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியா, அல்லது எல்லாவற்றையும் தாண்டிச் சென்னைக்கே போய் எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியா என்பதே அவ்வாலோசனையின் விஷயம். பாட்டி ஓர் இடத்தைச் சொல்வாள். மாமா போனில் இன்னொன்றைச் சொல்வார். கையிலிருக்கும் பணம் மூன்றாவது ஒன்றைச் சொல்லும். பெரும்பாலும் பணம் சொன்னதுதான் கடைசியில் நிறைவேறும். கண்ணாடிக் கட்டடங்களில் இரவுப்பணி பார்க்கும் கணினிப் பொறியாளர் வீட்டிலும், அக்கட்டடங்களின் வாயிலில் காவல் நிற்பவர் வீட்டிலும், அடுத்த மனையில் இன்னொரு கட்டடம் எழுப்புவதற்காக ஒரிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் குடியிருக்கும் கூலிக்காரர் வீட்டிலும் பேச்சு ஒரே மாதிரிதான். முடிவுகள் மட்டுமே வேறுவேறு.

எந்த ஆஸ்பத்திரி என்பதில் இத்தனை யோசனை செய்யும் நாம், அங்கே சேர்த்தபின் குழந்தையோடு யார் இருப்பது, அதனிடம் என்ன சொல்லி அழைத்துப் போவது, வீட்டில் விட்டுச் செல்லும் மூத்ததை யாரிடம் ஒப்படைப்பது என்பவற்றில் கால்பங்கு யோசனையும் செய்வதில்லை. இவையெல்லாம் வைத்தியத்துக்கு வெளியே உள்ள காரியங்கள், மருந்து சரியாக இருந்தால் மற்றவை தாமே சரியாகிவிடும் என்ற ஓர் எண்ணம் படித்தவர், படிக்காதவர், ஏன், சில வைத்தியர்களிடத்திலுங்கூட ஊறிக் கிடக்கிறது. மருந்தோடு மருந்தாகவே இவற்றையும் எண்ண வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு உணர்ச்சி வேகத்தை நான் ஆதாரமாகக் காட்டப் போவதில்லை. சென்ற நூற்றாண்டில் உலகம் பட்டுத் தெரிந்துகொண்ட சில சங்கதிகளையே காட்டப் போகிறேன்.

நம்மைவிட எவ்வளவோ முன்னேறிய வைத்திய முறைகளை வைத்திருந்த இங்கிலாந்தில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்திலும், ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தையைப் பெற்றவர்கள் இஷ்டம்போல் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் இரண்டு மணி நேரம் என்பது பல இடங்களில் விதி. லண்டனின் புகழ்பெற்ற ஆஸ்பத்திரி ஒன்றில் முதல் ஒரு மாதம், இரவில் குழந்தை உறங்கிய பிறகு எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமேயன்றி, விழித்திருக்கும்போது பார்க்க அனுமதியில்லை. காரணம் கேட்டால் இரண்டு சொல்வார்கள். வெளியார் வந்தால் தொற்று வரும் என்பது ஒன்று. அம்மா வந்து போனால் குழந்தை அழுகிறது, வராதபோது சமர்த்தாக இருக்கிறது என்பது மற்றொன்று. பின்னது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். வார்டிலே அமைதி நிலவுவதைத் தாதியர் தம் கண்ணாலேயே கண்டார்கள் அல்லவா?

அந்த அமைதி எத்தகையது என்பதை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1952-இல் ஒரு படம் பிடித்துக் காட்டினார். தொப்புளில் குடலிறக்க சிகிச்சைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட, இரண்டு வயதும் ஐந்து மாதமும் நிறைந்த ஒரு பெண் குழந்தையை, தினந்தோறும் குறித்த நேரத்தில், சுவர்க் கடிகாரமும் தெரியும்படி, கையடக்கக் காமிராவால் அவர் பதிவு செய்தார். தமக்கு வேண்டிய காட்சிகளை மட்டும் பொறுக்கி எடுத்தார் என்று எவரும் பின்னால் சொல்லிவிடக்கூடாதே என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அந்தக் குழந்தை ஊரைக் கூட்டி அழவில்லை. அதன் முகம் நாளுக்கு நாள் இறுகுவதும், தாய் வந்தபோது ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமே படத்தில் தெரிந்தன. தாயைப் பிரிந்த சிறு குழந்தை முதலில் ஆவேசமாக எதிர்க்கிறது. பின்பு நிராசையில் ஆழ்கிறது. பின்பு பற்றை அறுத்துக்கொள்கிறது. தாதியர் சமர்த்து என்று மெச்சியது இந்த மூன்றாவது கட்டத்தைத்தான் என்பது ராபர்ட்சனின் வாதம். லண்டனில் வைத்தியர் சபையில் படத்தைத் திரையிட்டபோது அவர்களில் பலருக்குக் கோபமே வந்தது. இது விதிவிலக்கான குழந்தை என்றார்கள். எனினும் உண்மை மெல்ல மெல்ல வென்றது. 1959-இல் பிளாட் என்பவரின் தலைமையில் அமைந்த குழு, பெற்றோர் வருகைக்கு நேரக் கட்டுப்பாடு கூடாது, சிறு குழந்தைகளோடு தாய்மாரும் தங்க இடம் தரவேண்டும், குழந்தைகளைப் பெரியவர்களின் வார்டில் போடலாகாது, அவர்களுக்கு விளையாட்டும் படிப்பும் வேண்டும் என்று அரசாங்கத்துக்குப் பரிந்துரைத்தது. ஆனால் இதற்கெல்லாம் முப்பது ஆண்டுகள் முன்பே, நியூகாஸில் நகரத்தில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற வைத்தியர் தாய்மாரைச் சிசுக்களோடு சேர்த்தே அனுமதித்து வந்தார். நல்ல காரியம் ஒன்றை ஒருவர் செய்து காட்டியபின் மற்றவர்கள் அதைச் செய்வதற்கு ஒரு தலைமுறை பிடிப்பது எந்தத் தேசத்திலும் உள்ளதுதான்.

அதே 1959-ஆம் ஆண்டில், நம் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆராய்ச்சி முடிவை இவ்விடத்தில் நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. க்ஷயரோகம் கண்டவரை வீட்டிலிருந்து பிரித்து, தாம்பரத்திலோ மதனப்பள்ளியிலோ உள்ள சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்திருப்பதே முறையான சிகிச்சை என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. சானடோரியத்துக்குப் போன தகப்பன் திரும்புவதற்குள் குழந்தைக்கு அவன் முகம் மறந்துவிடும். 1956-இல் சென்னையில் ஏற்பட்ட க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தார், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலேயும், அந்த இடுக்கான வீடுகளிலும் ஏழைச் சாப்பாட்டிலுமே வைத்து, ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய ஈடாகவே குணமடைந்தார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு அதனால் அதிக அபாயமும் விளையவில்லை. உலகெங்கும் க்ஷயரோக சிகிச்சையின் போக்கையே மாற்றிய முடிவு இது. இந்தச் செங்கல்பட்டுப் பிரதேசத்துக்கு அதன் அருமை தனியாகத் தெரியும். திருமணியில் தொழுநோயாளருக்காக ஏற்பட்ட ஆசிரமத்தின் பழைய காலம், நோயாளியை ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் பிரிப்பதே வைத்தியம் என்று கருதிய காலம் அல்லவா?

இங்கிலாந்து இவ்வளவு பாடுபட்டு அடைந்ததை நாம் பாடுபடாமலே பெற்றிருக்கிறோம். நம் ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் வார்டில் தாய் உடனிருப்பது வழக்கம். அவளில்லாமல் வார்டே நடக்காது. பால் புகட்டுவது, உடம்பு துடைப்பது, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவது, ரத்தம் எடுத்த குழாயைச் சோதனைக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது, டிரிப்ஸ் பாட்டில் காலியாகும்போது சிஸ்டரைக் கூப்பிடுவது ஆகிய அத்தனையும் அவள் பொறுப்பு. ஒரிஸாக்காரப் பெண்ணொருத்தி தமிழ் தெரியாமல் விழிக்கும்போது, பக்கத்துக் கட்டில்காரி சைகையிலேயே மருந்து எத்தனை வேளை என்று விளக்கிவிடுவதையும் அங்கே பார்க்கலாம். ஆனால் இந்த வழக்கம் தாதியர் பற்றாக்குறையால் நிலைபெற்றதேயன்றி, தாயின் இருப்பு சிகிச்சைக்கு உதவும் என்று எவரும் சிந்தித்து ஏற்படுத்தியதன்று. ஆகையினால்தான் அவளிடம் வேலை வாங்குகிறோம், மதிப்பு மட்டும் கொடுப்பதில்லை. ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் 'அட்டெண்டர் எல்லாம் வெளியே' என்று விரட்டப்படுகிறவளும் அவளே; பெரிய வைத்தியர் தன் குழந்தையைப் பற்றிச் சொல்லும் இரண்டு வாக்கியத்தைக் கேட்க முடியாமல் போகிறவளும் அவளே. பகலெல்லாம் கட்டிலோரத்தில் குந்தியிருந்துவிட்டு இரவில் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுப்பவளுக்குக் குளிக்க ஓர் அறை, துணி உலர்த்த ஒரு கொடி, சூடாக ஒரு வேளைச் சாப்பாடு என்பவை எங்கே கிடைக்கும் என்று எந்தப் பலகையிலும் எழுதி வைப்பதில்லை.

தாயின் இருப்பு சிகிச்சைக்கு உதவும் என்பதற்கு இப்போது கணக்கே இருக்கிறது. எடை குறைந்து பிறந்த சிசுவைத் தாயின் மார்போடு மார்பாகச் சேர்த்துக் கட்டிவைத்துக் காப்பாற்றும் 'கங்காரு' முறை, 1970-களின் இறுதியில் கொலம்பியா தேசத்தின் போகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில், இன்குபேட்டர் போதாத குறையால் பிறந்தது. அதிலும் சிசுவின் நிலை சீரானபின்பே தாயிடம் கொடுக்க வேண்டும் என்றுதான் வைத்திய உலகம் வெகுகாலம் எண்ணியிருந்தது. இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்த ஓர் ஆராய்ச்சியில், பிறந்தவுடனேயே தாயிடம் கொடுத்து, தாயையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தங்கவைத்துப் பார்த்தார்கள். 2021-இல் வெளிவந்த முடிவின்படி அச்சிசுக்களின் மரணம் 25 சதவிகிதம் குறைந்தது. நன்மை இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின் மற்றப் பிரிவுச் சிசுக்களுக்கு அதை மறுப்பது தர்மமன்று என்று ஆராய்ச்சியையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். நம் மத்திய அரசும் 2017-இல், பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பெற்றோரைப் பழக்கிச் சேர்த்துக்கொள்ளும்படி நெறிமுறை வகுத்திருக்கிறது. ஆகவே 'உள்ளே வராதே' என்று கதவைச் சாத்துகிற பழக்கம் இனி விஞ்ஞானத்தின் பெயரால் செல்லாது.

இனி வீட்டார் செய்யும் பிழைக்கு வருவோம். சோறு உண்ண மறுத்தாலும், தூங்க மறுத்தாலும், 'டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லட்டுமா' என்று பயமுறுத்தாத வீடு தமிழ்நாட்டில் அபூர்வம். பூச்சாண்டியின் உத்தியோகத்தை வைத்தியருக்குக் கொடுத்துவிட்டு, மெய்யாகவே அவரிடம் போகவேண்டிய நாளில் 'கடைக்குப் போகலாம், பலூன் வாங்கலாம்' என்று பொய் சொல்லி அழைத்துப் போகிறோம். ஊசியைக் கண்டதும் 'வலிக்கவே வலிக்காது' என்று இரண்டாவது பொய். 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டுத் தாய் கண்மறைவது மூன்றாவது பொய். இந்த மூன்றுக்கும் பிறகு நான்காவதாக நாம் சொல்லும் உண்மையைக் குழந்தை ஏன் நம்ப வேண்டும்?

உண்மையைச் சொல்வது கடினமன்று. சென்ற வருஷம் இம்மாவட்டத்தில் ஒரு வார்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஐந்து வயதிருக்கும் ஒரு பையனுக்குப் புறங்கையில் டிரிப்ஸ் ஊசி ஏற்றவேண்டும். நால்வர் சேர்ந்து அமுக்கிப் பிடித்துக் கட்டிலில் கிடத்துவதே நான் எதிர்பார்த்தது. வயதான சிஸ்டர் ஒருவர் தாயை முக்காலியில் உட்காரச் சொல்லி, பையனை அவள் மடியில் நிமிர்ந்து உட்கார வைத்தார்.

“கண்ணு, இந்தக் கை எனக்கு. அந்தக் கை அம்மாவுக்கு. அம்மா இறுக்கிப் புடிச்சுக்குவாங்க, சரியா?”

“குத்துமா?”

“குத்தும்டா. பொய் சொல்ல மாட்டேன். பத்து எண்ணி முடிக்கிறதுக்குள்ள ஆயிடும். நீயே எண்ணு பாப்போம்.”

ஆறு வரை பையன் எண்ணினான், பின்பு அலறல். ஏழிலிருந்து சிஸ்டரே எண்ணி, பத்தில் பிளாஸ்திரியை ஒட்டி முடித்தார். அவன் அழாமலிருக்கவில்லை, ஆனால் அன்று மாலை அந்தச் சிஸ்டர் மருந்து கொண்டு வந்தபோது கட்டிலுக்கடியில் ஒளியவுமில்லை. பிறகு அவர் ஊசி மாட்டாத புதுச் சிரிஞ்சு ஒன்றைத் தண்ணீர் நிரப்பி அவனிடமே கொடுத்துவிட்டார். அதைக் கொண்டு தலையணைக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் வந்துபோகிற எல்லோருக்கும் அவன் ஊசி போட்டுத் தீர்த்தான். இதற்குப் பணம் செலவில்லை. தனியாக ஆளும் வேண்டியதில்லை. தடுப்பூசி போடும்போது குழந்தையை மடியில் நிமிர்த்தி அணைத்துக்கொள்வதும், கைக்குழந்தையாயின் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே போடுவதும் வலியைக் குறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இலேயே சொல்லியிருக்கிறது. ஊசியென்ன, மூன்று வயதுக் குழந்தைக்கு அன்று காலையிலும், ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு இரண்டொரு நாள் முன்னதாகவும், நடக்கப்போவதை அதனதன் பாஷையில் சொல்லி வைத்தால், ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு கிடப்பதைக்கூடக் குழந்தைகள் பெரியவர்களைவிடப் பொறுமையாகத் தாங்கிக்கொள்கின்றன. பிடித்த போர்வை, பழைய பொம்மை, வீட்டில் தண்ணீர் குடிக்கும் டம்ளர் இவற்றைப் பையில் போட மறக்கவேண்டாம். புதுப் பொம்மையைவிட அழுக்குப் பொம்மைக்குத்தான் அங்கே மதிப்பு.

எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் வார்டுகளில், சென்னை லிட்டில் தியேட்டர் நாடகக் குழுவைச் சேர்ந்தவர்கள் கோமாளி மூக்கை மாட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய் வந்திருக்கிறார்கள். ஸ்டெதஸ்கோப்பும் ஸலைன் ஸ்டாண்டுமாக இருக்கும் இடத்தில் கோமாளிக்கு என்ன வேலை என்று கேட்பவர் உண்டு. ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு எதுவும் தன் இஷ்டமில்லை. சாப்பிடுவதும், படுப்பதும், கையை நீட்டுவதும் பிறர் சொற்படி. 'வேண்டாம், போ' என்று அது சொன்னவுடன் உண்மையிலேயே போய்விடுகிற ஒரே ஆள் அந்தக் கோமாளிதான். அந்த ஒரு சுதந்திரத்துக்காகவே அவரை வரவேற்கலாம்.

நான்கு நாள் ஜுரத்துக்கு இவ்வளவு என்றால், வருஷக்கணக்கில் நீளும் வியாதிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில், 1960-ஆம் ஆண்டிலேயே குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டுவிட்டது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலானது இன்று குணமாகக் கூடியது. ஆனால் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டு நடக்கும். தாயும் குழந்தையும் பட்டணத்தில். தகப்பனும் மற்றக் குழந்தைகளும் ஊரில். 2012 முதல் நடந்துவரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவில் பெரும்பங்கைத் தாங்குகிறது என்பது மெய்யே. ஆயினும் பஸ் கட்டணம், வாடகை, இழந்துபோன தினக்கூலி, ஓட்டல் இட்லி இவற்றைத் தாங்குவதில்லை. மருந்து இலவசமாய்க் கிடைத்தும், தங்க இடமில்லாமையால் நடுவில் ஊர் திரும்பும் குடும்பங்கள் உண்டு. இந்தக் குறையைக் கண்டுதான் 2006-இல் மும்பையில் செயிண்ட் ஜூட் என்னும் தர்மஸ்தாபனம், புற்றுநோய் கண்ட குழந்தைகளும் பெற்றோரும் சிகிச்சை முடியுமட்டும் இலவசமாகத் தங்கும் இல்லங்களை ஆரம்பித்தது. சென்னையிலும் அதன் இல்லம் உண்டு. குடும்பத்துக்கு ஓர் அறை, பொதுச் சமையற்கூடத்தில் அவரவருக்கு ஓர் அடுப்பு. தன் கையால் ரசம் வைத்துத் தன் பிள்ளைக்குப் போட முடிகிற தாய்க்கு வரும் தெம்பை எந்த டானிக்கும் தராது.

வீட்டில் விட்டுவந்த மூத்த பெண்ணை யாரும் நினைப்பதில்லை. அத்தை வீட்டில் சமர்த்தாக இருக்கிறாள் என்று கேட்டதும் மனம் நிம்மதி அடைகிறது. மேலே சொன்ன லண்டன் குழந்தையும் சமர்த்தாகத்தான் இருந்தது. தினமும் ஒருதரம் போனில் அவளோடு பேசுங்கள். தம்பிக்கு என்ன உடம்பு, எப்போது வருவான் என்பதை அவளிடமும் சொல்லுங்கள். தான் தம்பியை அடித்ததால்தான் அவனுக்கு வியாதி வந்தது என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டு, வெளியே சொல்லாமல் குமையும் குழந்தைகள் உண்டு.

டிஸ்சார்ஜ் ஆனதும் கஷ்டம் தீர்ந்தது என்று எண்ணுகிறோம். வீடு திரும்பிய குழந்தை, விட்டுப்போன பழக்கமாகிய படுக்கையை நனைப்பதை மறுபடி ஆரம்பிக்கும். நள்ளிரவில் அலறி எழும். தாய் சமையலறைக்குப் போனாலும் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும். செல்லம் கொடுத்துக் கெடுத்தாயிற்று என்று தாத்தா சொல்வார். பயந்த கோளாறு என்று பாட்டி மந்திரித்துக் கயிறு கட்டுவாள். பாட்டி சொல்வதே உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. கயிறு கட்டுவதில் கேடொன்றுமில்லை. அடியும் அதட்டலும் இல்லாமல், கேட்டபோதெல்லாம் மடி கொடுத்தால், சில வாரங்களில் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அதற்குமேலும் நீடித்தால் குழந்தை வைத்தியரிடம் இதையும் ஒரு வியாதியாகவே சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரி நிர்வாகிகளிடம் கேட்பது அதிகமில்லை. குழந்தையின் நிலையைப் பெற்றவரிடம் சொல்ல நாளுக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில், ஐந்து நிமிஷம். ஊசி போடும்போதும் மயக்கமருந்து கொடுக்கும்வரையிலும் தாய் பக்கத்தில் இருக்க அனுமதி. கட்டிலோரத்தில் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி. 1965 முதல் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்துள்ள செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு, மாமல்லபுரத்துக் கல்தச்சர் பிள்ளைகளும், கோவளத்து மீனவர் பிள்ளைகளும், சிறுசேரிக் கொட்டகைப் பிள்ளைகளும் ஒன்றாகவே வருகிறார்கள். உடன் வருகிற தாய்மார் இரவில் தங்கவும், குளிக்கவும், கஞ்சி காய்ச்சிக்கொள்ளவும் ஒரு கூடம் இத்தகைய ஆஸ்பத்திரி ஒவ்வொன்றின் வாசலிலும் இருக்கவேண்டும். இருக்கும் இடத்தில் அதைப் பெருக்கவேண்டும். பெரிய கம்பெனிகள் தம் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கை ஜன சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் விதிக்கிறது. அத்தகைய கம்பெனிகள் சிறுசேரி சிப்காட்டில் இருக்கின்றன. அவற்றின் நிர்வாகிகளில் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், இந்த வருஷத்துப் பணத்தை எதற்கு ஒதுக்குவது என்று தீர்மானிக்குமுன், இரவு பத்து மணிக்குமேல் ஒருதரம் ஏதேனும் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டு வராந்தாவில் நடந்து பார்த்துவிட்டு வரும்படி அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.